இட்லி ஆவியில வந்த பேச்சுவார்த்தை

செங்கரைன்னு ஒரு நாடு. பெரிய நாடுன்னு நெனச்சுராதீங்க, மேக்கு எல்லையில பஸ் ஏறி, ஒரு பொட்டலம் கடலை வாங்கி உரிச்சுத் தின்னுக்கிட்டே வந்தா, பொட்டலம் தீருறதுக்குள்ள கெழக்கு எல்லை வந்துரும், மிச்சக் கடலையக் கோணாத்தங்கரையில நின்னுதான் திங்கணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் கருங்கரை, அதுவும் ஒரு நாடு, அதுவும் ஒரு பொட்டலம் கடலைதான். ரெண்டுக்கும் நடுவுல ஆத்துக்குள்ள ஒரு மணல் திட்டு, சித்திரையில தல நீட்டும், ஐப்பசியில முங்கிரும், அதுமேல ஒத்தப் பனை ஒண்ணு, வெள்ளம் வந்தாலும் கொண்டைய மட்டும் வெளிய வச்சுக்கிட்டு யாரு செயிச்சான்னு பாத்துக்கிட்டு நிக்கும். அந்தத் திட்டு யாருக்குன்னுதான் சண்டை. மூணு மாசச் சண்டை. இந்தப் பக்கம் எட்டுப் பேரு போயிட்டாங்க, அந்தப் பக்கம் ஒம்பது.

செங்கரைக்குப் பிரசிடெண்ட் வெயிலுமுத்து. நல்ல மனுசன், ஆனா எதச் சொல்லுறதுக்கு முன்னாலயும் க்கும், க்கும்னு ரெண்டு தடவ தொண்டையச் செருமிட்டு, 'அதாவது'ன்னுதான் ஆரம்பிப்பாரு, மணி என்னன்னு கேக்கணும்னாலும் "க்கும், க்கும், அதாவது, மணி என்ன?" அவருக்கு ஆலோசகர் குத்தாலிங்கம். சளி புடிச்ச நாதஸ்வரம் மாதிரி மூக்கால பேசுவாரு, எதச் சொன்னாலும் கடைசியில ஒரு முடிச்சுப் போடுவாரு, "நா சொல்லல ஐயா, ஜனங்க சொல்லுதாங்க." மழ வருதுன்னு சொன்னாலும் ஜனங்கதான் சொல்லுவாங்க, சட்ட சின்னதாப் போச்சுன்னாலும் ஜனங்கதான் சொல்லுவாங்க. அந்த ஜனங்க யாரு, எந்தத் தெருன்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா அவரு கார்க் கண்ணாடிய எறக்கி ஒம்பது வருசமாச்சு.

மூணாவது ஆளு உலகம்மா. தலைநகரத்துல சந்தைத் தெருவுல இட்லிக்கடை வச்சிருக்கா. அவ புருசன் கொம்பையா, நாப்பத்தி நாலு வயசு, தொப்ப வேற, கடையில தேங்காச் சட்டினி அரைச்சுக்கிட்டு இருந்த மனுசன், அவனப் போயி சண்டைக்கு ஆள் பத்தலன்னு கூப்பிட்டு, கையில கெடந்த ஆட்டுக்கல் குழவிய வாங்கி வச்சிட்டு துப்பாக்கியக் குடுத்து, திட்டுல ரெண்டாவது பதுங்கு குழியில எறக்கி விட்டுட்டாங்க. அங்க மூணு நேரமும் உப்புமா. கடுதாசியில அவன் சண்டையப் பத்தி ஒரு வரிதான் எழுதுவான், உப்புமாவப் பத்தி ஒம்பது வரி.

அப்பதான் கருங்கரைப் பிரசிடெண்ட் அம்மாகிட்ட இருந்து ஒரு காயிதம் வந்துச்சு, சமாதானம் பேசலாம்னு. பத்து நாள் சண்டைய நிறுத்தி வப்போம், பத்தாம் நாள் மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள கையெழுத்து வரலன்னா மறுபடி சுடலாம்னு பேச்சு. மொத குழியில இருந்தவங்கதான் அந்த எட்டுப் பேரும். இனி ஆரம்பிச்சா ரெண்டாவது குழி. உலகம்மா சுவத்துக் காலண்டர்ல பத்தாம் நாளச் சுத்திக் கரித்துண்டால ஒரு வட்டம் போட்டு வச்சா.

மொத நாள் காலையில, மொத ஈடு வெந்து, அவ இட்லிக் கொப்பரை மூடியத் தூக்குனா. ஆவி குப்புன்னு வந்துச்சு, ஆவியோட சேந்து க்கும், க்கும்னு ஒரு செருமலும் வந்துச்சு.

"இருங்க, சட்டினி இன்னும் தாளிக்கல," ன்னா உலகம்மா, யாரோ அவசரப்படுதாங்கன்னு.

"அதாவது, அந்தம்மா காயிதம் அனுப்பிருக்கு வே. வாசிச்சீரா?" ன்னு கேட்டுச்சு ஆவி.

"வாசிச்சேன் ஐயா. திட்டு ரெண்டு பேருக்கும் பொதுவாம், பனையில எறங்குற பதநியில பாதிப் பாதியாம். நாம சம்மதிச்சா கேவலம் ஐயா. நா சொல்லல, ஜனங்க சொல்லுதாங்க."

ஆவி கலைஞ்சுச்சு, பேச்சும் நின்னுச்சு. பெஞ்சுல உக்காந்திருந்த பழைய பஸ் கண்டக்டர் பூதத்தான் அண்ணாச்சி, எலைய நேரா இழுத்துப் போட்டுக்கிட்டு, "இது பிரசிடெண்ட் தொண்டையில்லா?" ன்னாரு. உலகம்மா இட்லியத் தட்டுல இருந்து எடுத்துக்கிட்டே, "மத்தது யாரு, மூக்கடைச்ச ஆளு?" ன்னா. "அது ஆலோசகரு." "சுக்குக் கசாயம் குடிக்கச் சொல்லணும்," ன்னுட்டு அவ அடுத்த ஈட்டுக்கு மாவு ஊத்துனா.

அவ கடையில மட்டும் இல்ல, செங்கரையில இட்லி அவிச்ச எல்லா வீட்டுலயும் அதே செருமல், அதே மூக்கு. விடியக்காலம் ரெண்டு பேரும் பிரசிடெண்ட் மாளிகை முன் ஹால்ல உக்காந்து பேசுவாங்க, ஒரு ஈடு வேகுற நேரத்துல அங்க என்ன பேசுனாங்களோ, அது மூடியத் தூக்குனதும் இங்க வந்துரும். எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க, அந்த ஊருலயே யாரும் கேக்கல. அவங்க கேட்டது வேற கேள்வி. தட்டுல எண்ணெய் தடவணுமா, துணி விரிக்கணுமா? ரெண்டு நாளையில ஊருக்கே தெரிஞ்சு போச்சு, எண்ணெய் தடவுனா பேச்சு வழுக்கும், துணி விரிச்சாத்தான் ஒவ்வொரு எழுத்தும் முழுசா வரும். மாவு ரொம்பப் புளிச்சிட்டா பிரசிடெண்ட் எரிஞ்சு விழுவாரு. உளுந்து கொறஞ்சா குரல் கல்லு மாதிரி வரும். ரவா இட்லியில ஆலோசகர் மட்டுந்தான் கேக்கும், அதனால ரவா இட்லிய அந்த வாரமே எல்லாரும் கைவிட்டாங்க. தோசைக்காரங்க வீட்டுல வெறும் 'சுர்'ருதான், பாவம், கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு மாவுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுப்பங்கரை எந்தத் திசைன்னு தெரியாத ஆம்பளைங்க எல்லாம் விடியுமுன்ன எந்திரிச்சு, உளுந்து ஊறுச்சா, மாவு பொங்குச்சான்னு பொண்டாட்டி பின்னாலயே அலைஞ்சாங்க. பள்ளிக்கூடத்துல பெரிய வாத்தியார் மொத மணிய மூணாவது ஈட்டுக்கு அப்புறம்னு மாத்திட்டாரு. சண்டை நடக்குற நாடுன்னு பேரு, ஆனா காலையில ஒவ்வொரு தெருவுலயும் ஒரே சிரிப்பு, அந்தச் செருமலச் செஞ்சு காட்டாத ஆளு இல்ல, கெழவனுக்கு ஒரு தினுசு, பொம்பளைக்கு ஒரு தினுசு, ஒரு கிளிகூட 'அதாவது' சொல்லிப் பழகிருச்சு.

ரெண்டு பேருக்கு மட்டும் இது தெரியாது. வேற யாரு. பிரசிடெண்டுக்குச் சக்கரை, பதினோரு வருசமா அவருக்குக் கம்மங்கூழுதான், மாளிகையில இட்லிக் கொப்பரையப் பரண்ல தூக்கிப் போட்டுட்டாங்க. ஆலோசகர் காலையில ரெண்டு பிஸ்கட்டத் தவிர ஒண்ணும் தொடமாட்டாரு. சரி, மாளிகையில பெருக்குறவங்க, சமைக்கிறவங்க, வாசல்ல நிக்கிறவங்க எல்லாம் வீட்டுல கேட்டுட்டுத்தான வேலைக்கு வாராங்க, அவங்க சொல்லலாமே? சொல்லமாட்டாங்க. அங்கதான் அந்த ஊரு மரியாதை இருக்கு.

செங்கரையில எல்லாம் ஒட்டு வீடு. இவன் சுவத்துல ஆணி அடிச்சா அவன் வீட்டுச் சாமி படம் கீழ விழும். சுவத்துக்கு அந்தப் பக்கம் புருசன் பொண்டாட்டி சண்டை போட்டா, இந்தப் பக்கத்துக்காரன் ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வப்பான், மறுநாள் எதுக்க வந்தா "சாப்புட்டாச்சா?" ன்னு மட்டும் கேப்பான். அடுத்த வீட்டுப் பேச்சு காதுல விழுந்தா, விழாத மாதிரி போயிரணும். அது இல்லன்னா அந்த ஊருல ஒருத்தரும் குடியிருக்க முடியாது. அதனால பிரசிடெண்ட் கார் போகும்போது ஊரே ரெண்டு பக்கமும் நின்னு, பால் குடிச்ச பூனை மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு, கும்பிட்டுச்சு. வாசல்ல பெருக்குற பொம்பள, "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா ஐயா?" ன்னுகூடக் கேக்கல, ஏன்னா அவரு தூங்கலன்னு அவளுக்குத் தெரியும்.

அஞ்சாம் நாள் அந்தப் பேச்சு வந்துச்சு. ரெண்டாவது ஈடு.

"க்கும், க்கும். அதாவது, எனக்கு அந்த மண்ணு வேண்டாம் வே. ஐப்பசியில முங்கப்போற மண்ணு. எட்டுப் பேரு வீட்டுக்கும் நாந்தான போயி நின்னேன், நீரா போனீரு? எனக்கு ஒரே பயந்தான். கையெழுத்துப் போட்டா, நம்ம ஜனங்களே என்னக் கோழப்பயன்னு சொல்லிருவாங்களோன்னு. நாலு நாளாக் கண்ணே மூடல."

"சொல்லுவாங்க ஐயா. இப்பவே சொல்லுதாங்க."

"எங்க வே சொல்லுதாங்க?"

"பரவலா சொல்லுதாங்க ஐயா."

பூதத்தான் அண்ணாச்சி எலையப் பாத்துக்கிட்டே, "பாவம்டே மனுசன். நாம எங்க அப்படிச் சொன்னோம்?" ன்னாரு. மாவு கலக்கிக்கிட்டு இருந்த உலகம்மாவுக்குப் புருசன் நெனப்பு வந்துச்சு. கொம்பையாவும் அப்படித்தான், இருட்டுன்னா பயம், வெளிய சொல்லமாட்டான், ராத்திரி எந்திரிச்சா அவள எழுப்பி, "ஒனக்குத் தண்ணி வேணுமா?" ன்னு கேப்பான்.

"ஏன் அண்ணாச்சி," ன்னா அவ, "நாம எல்லாரும் மாளிகை வாசலுக்குப் போயி, எங்க பிரசிடெண்டு வீரன்னு ரெண்டு சத்தம் குடுத்துட்டு வந்தா என்ன? கேட்டதாக் காட்டிக்க வேண்டாம். மனுசனுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும், நிம்மதியாத் தூங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு."

நல்ல யோசனைதான. ஊரு முழுக்க அதுதான் நல்ல யோசனைன்னு சொல்லுச்சு. ஆறாம் நாள் சாயந்தரம் மேளம் புடிச்சாங்க, வேட்டியத் தொவச்சுக் கட்டுனாங்க, சந்தைத் தெரு, கொல்லத் தெரு, சர்ச் தெரு எல்லாம் ஒண்ணாத் தெரண்டு மாளிகை வாசல்ல போயி நின்னு, "வீரன் வெயிலுமுத்து"ன்னு கத்துனாங்க. ஒரு தடவ கத்துனா பத்தலன்னு இன்னொண்ணும் கத்துனாங்க. மேளச் சத்தத்துல யாரோ ஒருத்தன் சூடாயி, "ஒரு பிடி மண்ணும் விடமாட்டோம்"னு ஆரம்பிச்சான், அது நல்லாத் தாளத்துல உக்காந்துச்சு, அதனால எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. மாடியில பிரசிடெண்ட் வந்து நின்னு கையாட்டுனாரு. ஊரு திருப்தியா வீட்டுக்கு வந்து சீக்கிரமாப் படுத்துச்சு.

ஏழாம் நாள் மொத ஈடு.

"க்கும். அதாவது, பாத்தீரா வே. என் ஜனங்க சண்டையில்லா கேக்காங்க."

"நா சொல்லல ஐயா. இப்ப ஜனங்களே சொல்லிட்டாங்க."

"ஒரு பிடி மண்ணும் விடமாட்டோம்னு கத்துறவங்ககிட்ட நா எப்படி வே போயி, பாதி மண்ணக் குடுத்துட்டேன்னு சொல்லுவேன்? காயிதத்த உள்ள எடுத்து வையும்."

உலகம்மா கையில இருந்த கொப்பரை மூடி அப்படியே நின்னுச்சு, அதுல இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா அடுப்புல விழுந்துச்சு. கடையில முப்பது எலை போட்டிருந்துச்சு, ஒருத்தரும் கை வைக்கல. அந்த ஊருக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து இட்லி ஆறிப்போனது அன்னிக்கு ஒருநாள்தான்.

விட்டுட்டாங்களா, இல்ல. எட்டாம் நாள் மறுபடி போனாங்க, மேளம் இல்லாம, "சமாதானம் வேணும்"னு சொல்லிக்கிட்டு. ஒம்பதாம் நாள் ஆவி அதுக்கும் பதில் கொண்டாந்துச்சு.

"அதாவது, நேத்து வேற மாதிரி கத்துனாங்களே வே."

"அது கும்பல் ஐயா. முந்தாநாளைக்கு முந்துன நாள் வந்தாங்களே, அதுதான் ஜனங்க. ஜனங்கன்னா மேளத்தோட வருவாங்க."

பூதத்தான் அண்ணாச்சி கைய எலையில உதறுனாரு. "சரியான ஆளுடே. நாம நல்லது சொன்னா கும்பலு, கெட்டது சொன்னா ஜனங்க." கொப்பரைக்குள்ள தலைய விட்டு, "யோவ், நாங்கதான்யா ரெண்டும்" னு கத்தியும் பாத்தாரு. இங்கிருந்து அங்க ஒண்ணும் போகாது, மூக்கு நுனி வெந்ததுதான் மிச்சம், ரெண்டு நாள் வெண்ணெய் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு.

"யாராவது நேரா போயி சொல்லணும்," ன்னா உலகம்மா.

"என்னன்னு சொல்லுவ தாயி? நீங்க பேசுறத எல்லாம் நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்னா? பொறவு அவரு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய வருவாரு? வாயவே தொறக்கமாட்டாரே. நமக்கும் காலையில வெறும் இட்லிதான்."

"எனக்கு வெறும் இட்லி போதும் அண்ணாச்சி. தின்னுறதுக்கு ஆளு வேணும்."

பூதத்தான் அண்ணாச்சி எலைய மடிச்சு வச்சாரு. பொறவு, "சாம்பார் வாளிய நா தூக்கிட்டு வாரேன்," ன்னாரு.

பத்தாம் நாள் விடிஞ்சும் விடியாம, உலகம்மா கொப்பரையத் தலையில வச்சுக்கிட்டா, மாவுத் தூக்குவாளி ஒரு கையில, துணியும் தட்டும் இடுப்புல, பின்னால சாம்பார் வாளியோட அண்ணாச்சி, மூக்குல வெண்ணெய். தெரு ஜன்னல் எல்லாம் தொறந்து தொறந்து மூடுச்சு, யாரும் எங்க போறன்னு கேக்கல. மாளிகை வாசல்ல காவல்காரன் துப்பாக்கியோட நின்னான். கொப்பரையப் பாத்தான், அவள் மொகத்தப் பாத்தான், அவனுக்கும் வீட்டுல கொப்பரை உண்டு. வானத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி போல," ன்னான். அவ உள்ள போனா. அடுப்பங்கரையில சமையக்காரர் அய்யாக்குட்டி கம்மங்கூழக் கிண்டிக்கிட்டு இருந்தாரு, அவரும் ஒண்ணும் கேக்காம கூழ்ப்பானைய எறக்கி வச்சு, அடுப்ப அவளுக்கு விட்டுக் குடுத்தாரு.

அவ தண்ணி ஊத்துனா, துணி விரிச்சா, மாவு ஊத்துனா, மூடி போட்டா. ஒரு ஈடு வேகுற நேரம் நின்னா. அந்த நேரம் அவளுக்கு மூணு மாசமா இருந்துச்சு. வெந்ததும் மூடியத் தொறக்காம, கொப்பரையத் துணியால புடிச்சுத் தூக்கிக்கிட்டு நேரா முன் ஹாலுக்கு வந்து, ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த மேசையில, மறுபடி வெளிய எடுத்து வச்சிருந்த அந்தச் சமாதானக் காயிதத்துக்குப் பக்கத்துல வச்சா.

பிரசிடெண்ட் நிமுந்து பாத்தாரு. "க்கும், க்கும். அதாவது, யாரும்மா நீ?"

"கொம்பையா பொண்டாட்டிங்க ஐயா. திட்டுல ரெண்டாவது குழியில இருக்காரு. இந்த மூடியத் தூக்குங்க."

"எனக்கு இட்லி ஆகாதும்மா. சக்கரை."

"திங்க வேண்டாம் ஐயா. தூக்குங்க போதும்."

தூக்குனாரு. ஆவி குப்புன்னு அவரு மொகத்துல அடிச்சுச்சு.

"க்கும், க்கும். அதாவது," ன்னுச்சு ஆவி, "ஜனங்க மட்டும் சரின்னு ஒரு வார்த்த சொன்னா, இந்த நிமிசமே கையெழுத்துப் போட்டுருவேன் வே. இன்னிக்கு மத்தியானம் எத்தன பேரு சாவப் போறாங்களோ."

"மனசத் தளர விடாதீங்க ஐயா. நா சொல்லல, ஜனங்க சொல்லுதாங்க."

ஆலோசகர் சுத்திமுத்திப் பாத்தாரு. "மொதல்ல பேசுனது நீங்க ஐயா, அச்சு அசல். ரெண்டாவது யாரு? ஒருத்தன் மூக்கால பேசுதானே."

யாரும் பதில் சொல்லல. சொல்லுறது மரியாத இல்ல. கொஞ்ச நேரத்துல அவருக்கே புரிஞ்சு, மூக்கத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

பிரசிடெண்ட் மூடியக் கையில வச்சுக்கிட்டே கேட்டாரு. "எத்தன நாளா?"

"பத்து நாளா ஐயா."

"எத்தன வீட்டுல?"

"இட்லி அவிக்கிற எல்லா வீட்டுலயும்."

அவரு பத்து நாள்ல என்னென்ன பேசுனோம்னு ஒவ்வொண்ணா நெனச்சுப் பாக்காருன்னு அவரு காதப் பாத்தாலே தெரிஞ்சுச்சு, செவந்துக்கிட்டே வந்துச்சு. "தூக்கம் வரலன்னு சொன்னேனே?"

"கேட்டோம் ஐயா."

"மருமகனப் பத்திச் சொன்னது?"

உலகம்மா கொஞ்சம் யோசிச்சா. "அன்னிக்கு எல்லா வீட்டுலயும் ரவா இட்லி ஐயா," ன்னா.

பின்னால நின்ன பூதத்தான் அண்ணாச்சி சாம்பார் வாளியையே உத்துப் பாத்தாரு.

"அன்னிக்கு வாசல்ல வந்து கத்துனோமே," ன்னா உலகம்மா, "அது எல்லாரும் சேந்து கத்துனது, ஆனா யோசனை என்னோடது. நீங்க பயந்து கெடக்கீங்களேன்னு, கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு வீரன்னு சொன்னோம். சண்டைக்குச் சொல்லல. இப்ப எங்க வீட்டு மனுசன் எந்திரிச்சு வாறதும் வராததும் என் வாயால ஆயிப்போச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

பிரசிடெண்ட் மேசையில கெடந்த காயிதத்தப் பாத்தாரு, கொப்பரையப் பாத்தாரு. பொறவு, தொண்டையச் செருமாம, அதாவது போடாமப் பேசுனாரு.

"அப்ப நா இப்ப பேசுறதும் கேக்கும்."

"அடுப்புல ஈடு இருக்குற வீட்டுல எல்லாம் கேக்கும் ஐயா."

"ஐயா," ன்னாரு குத்தாலிங்கம், "ஜனங்ககிட்ட நேரா கேக்குறது வழக்கம் இல்ல. அதுக்குத்தான் நா இருக்கேன்."

"நீரு கொஞ்சம் இரும் வே." அவரு யாரப் பாத்துப் பேசன்னு தெரியாம, கடைசியில ஜன்னலப் பாத்துப் பேசுனாரு. "எல்லாரும் கேளுங்க. நா வெயிலுமுத்து பேசுதேன். திட்டுல பாதிய விட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். என்னக் கோழன்னு சொல்லணும்னா சொல்லிக்கோங்க, பரவால்ல. வேண்டாம்னா சும்மா இருங்க. சரின்னா, ஒங்க வீட்டு இட்லிச்சட்டி மூடியத் தட்டுங்க."

ஒரு ஈடு வேகணுமே. அவங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க, உலகம்மாவும் அண்ணாச்சியும் நின்னாங்க. சுவத்துக் கடியாரம் மட்டும் பேசுச்சு. ஆலோசகர் ஒரு பிஸ்கட்ட எடுத்தாரு, கடிக்காம வச்சிட்டாரு.

மொதல்ல ஒரு மூடி கேட்டுச்சு. பக்கத்துல எங்கயோ, டங்குன்னு ஒண்ணு. பொறவு ரெண்டு. பொறவு சந்தைத் தெருப் பக்கம் ஒரு பத்து, கொல்லத் தெருவுல இருந்து கனமான இரும்பு மூடி, சர்ச் தெருவுல இருந்து அலுமினிய மூடி, ஒவ்வொரு வீட்டுலயும் ஈடு வெந்து வெந்து மூடியத் தூக்கத் தூக்க, அந்தச் சத்தம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கரண்டி வச்சுத் தட்டுனவங்க, பூரிக்கட்டை வச்சுத் தட்டுனவங்க, ரெண்டு மூடிய ஒண்ணோட ஒண்ணு மோதுனவங்க, மூடி இல்லாம தோசைக்கல்லத் தட்டுன தோசைக்காரங்க, மேக்கு எல்லையில ஆரம்பிச்சு கடலை திங்குற வேகத்துல கெழக்கு எல்லை வரைக்கும் நாடே ஒரு மூடியா அதிர்ந்துச்சு. மாளிகை அடுப்பங்கரையில அய்யாக்குட்டி கூழ்ப்பானை மூடிய எடுத்துத் தட்டுனாரு. வாசல்ல காவல்காரன் தன் தொப்பியக் கழட்டித் துப்பாக்கி நுனியால தட்டுனான்.

அந்தச் சத்தம் கோணாத்தத் தாண்டிப் போச்சு. போன சத்தம் கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துச்சு, ஆனா வேற மாதிரி, மெல்லிசா, நீளமா. கருங்கரையில காலையில புட்டுதான். அங்கயும் பத்து நாளா புட்டுக்குழல்ல இருந்து அவங்க பிரசிடெண்ட் அம்மா, "நம்ம ஆளுங்க என்னைய என்ன சொல்லுவாங்களோ"ன்னு பொலம்பிக்கிட்டு இருந்துச்சுன்னு பின்னாலதான் தெரிஞ்சுச்சு. அன்னிக்கு அவங்களும் குழலத் தட்டுனாங்க. நடுவுல திட்டுல கெடந்த பயலுகளுக்கு, ரெண்டு பக்கமும் உப்புமா தின்னுக்கிட்டுக் கெடந்தவங்களுக்கு, ஒண்ணும் புரியல, ரெண்டு நாட்டுலயும் ஒரே நேரத்துல பாத்திரக் கடை சரிஞ்சிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டாங்க.

ஆலோசகர் குத்தாலிங்கம் எந்திரிச்சு ஜன்னலாண்ட போயி நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. திரும்புனபோது பேனா மூடியக் கழட்டி நீட்டிக்கிட்டே, கொஞ்சம் தடுமாறி, "ஐயா... ஜனங்க சொல்லுதாங்க," ன்னாரு. அந்த வார்த்தைய அத்தன வருசத்துல அன்னிக்குத்தான் மொத தடவையா உண்மையாச் சொன்னாரு, அதனால அவருக்கே அது புதுசா இருந்துச்சு.

பிரசிடெண்ட் கையெழுத்துப் போட்டாரு. மணி அப்ப எட்டே முக்கால். ஊதி ஊதி மையக் காய வச்சிட்டு, கொப்பரையப் பாத்தாரு. "ஒண்ணு தின்னா என்ன ஆயிரும்?" ன்னு கேட்டாரு. "ரெண்டு தின்னாலும் ஒண்ணும் ஆகாது ஐயா," ன்னா உலகம்மா, வச்சா. பின்னால டாக்டரும் அதுக்குச் சம்மதிச்சாரு, காலையில ரெண்டு, ரெண்டுக்கு மேல கூடாதுன்னு. அதும் ஊருக்கே கேட்டுச்சு.

கொம்பையா மூணு நாள் கழிச்சு வந்தான், தொப்ப பாதியாக் கரைஞ்சிருந்துச்சு. வந்ததும் வராததுமா, உப்புமான்னு ஒரு வார்த்த இந்த வீட்டுல யாரும் சொல்லக்கூடாதுன்னான். மறுநாள் காலையில குளிச்சிட்டு, கடையில பெஞ்சுல உக்காராம அடுப்பு பக்கத்துலயே ஒரு மனையப் போட்டு உக்காந்தான். உலகம்மா எலையப் போட்டா. மொத ஈடு வெந்துச்சு. அவன் கை நீட்டி மூடியத் தூக்குனான், ஆவி வந்துச்சு. செருமல் இல்ல, மூக்கு இல்ல, ஒரு பேச்சும் இல்ல. மெத்து மெத்துன்னு ஏதோ ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு, நிதானமா, அவசரமே இல்லாம.

"என்ன புள்ள சத்தம் அது?" ன்னான் கொம்பையா.

"நம்ம பிரசிடெண்ட் சாப்புடுதாரு."

அவன் காத வச்சுக் கேட்டான். ஒண்ணு முடிஞ்சுச்சு. ரெண்டு முடிஞ்சுச்சு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பொறவு, யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு நெனச்ச மாதிரி ரொம்ப மெதுவா, மூணாவது ஆரம்பிச்சுச்சு.

உலகம்மா அவன் எலையில மூணாவது இட்லிய வச்சிட்டு, சத்தம் போடாம மூடிய எடுத்து மூடுனா.